இருநூற்று ஒன்பதாம் பக்கம்

"இப்படி ஒரு கட்டுரையே கிடையாதும்மா" என்றார் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர். என் எம்.ஏ. ஆய்வேட்டைத் திறந்துவைத்து, ஒரு அடிக்குறிப்பின் மேல் விரலை ஊன்றிக்கொண்டு சொன்னார். நான் திட்டு வாங்காதவள் இல்லை. 'உன் ஆய்வேடு மட்டம்' என்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். 'நீ பொய் சொல்கிறாய்' என்பதை ஒரு 'ம்மா' போட்டு, அன்பாகச் சொன்னார் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. சென்னையில் ஒரு கல்லூரியில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் செங்கல்பட்டிலிருந்து ரயில். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பது என் ஆய்வு. இப்போதைய தூரத்தை நானே போய் அளந்துவிட்டேன். முன்பு எவ்வளவு இருந்தது என்பதற்கு ஒரு சான்று வேண்டும். ஒரு பழைய ஆங்கில இதழில் வந்த கட்டுரைதான் அந்தச் சான்று. வெள்ளைக்காரர் காலத்தில் யாரோ அந்தக் குப்பத்துக்குப் போய், கோயிலிலிருந்தும் ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் கடல் எத்தனை கஜம் என்று சங்கிலி பிடித்து அளந்து, அட்டவணை போட்டிருந்தார். அந்தக் கட்டுரை பொய் என்றால் என் ஆய்வேடும் பொய்.

வம்பெல்லாம் அதை நான் படித்த இடத்தால் வந்தது.

வாப்பாவுக்குச் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் பழைய பேப்பர் கடை. வீடுகளில் போடும் செய்தித்தாள், பிள்ளைகளின் நோட்டு, அச்சகங்களில் பாழாகும் தாள், பைண்டிங் கடைக் கழிவு எல்லாம் சாக்குச் சாக்காக வந்து இறங்கும். பிரித்துக் கட்டி, பொட்டலம் மடிக்கிறவர்களுக்கும் கவர் ஒட்டுகிறவர்களுக்கும் அனுப்புவோம். ஒன்பது வயதிலிருந்து நான் அங்கே உட்கார்ந்து தாள் பிரித்தவள். என் ஆங்கிலத்தில் பாதி அந்தச் சாக்குகளிலிருந்து வந்தது. ஆனால் வாப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு: கடைக்கு வந்த தாள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. "நீ ஒண்ணு எடுத்தா வேலையாளு பத்து எடுப்பான்" என்பார். படிக்கலாம், எழுதிக்கொள்ளலாம். தாள் மட்டும் கட்டோடு போய்விட வேண்டும். பெற்ற மகள் என்று எனக்குச் சலுகை கிடையாது.

எம்.ஏ. சேர்ந்த புதிதில் ஒரு சாக்கிலிருந்து பதினாறு பக்கம் சேர்ந்தாற்போல் விழுந்தது. 209இல் தொடங்கி 224 வரை. அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பக்கத்தின் தலையில் இதழின் பெயர் இருந்தது. கட்டுரைத் தலைப்பு, எழுதியவர் பெயர், ஆண்டு எதுவும் இல்லை. உள்ளே பார்த்தால், கோடை விடுமுறையில் நாங்கள் போய்க் கால் நனைக்கும் குப்பத்தின் பெயர்! அன்றைக்குச் சாப்பிடக்கூடப் போகாமல் படித்தேன். 214ஆம் பக்கத்து அட்டவணையையும் முக்கியமான பத்திகளையும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். முதல் பக்கத்தின் அடியில் சின்னதாக 14 என்று அச்சிட்டிருந்தது. அதைத் தொகுதி எண் என்று எடுத்துக்கொண்டு, நோட்டில் 'தொகுதி 14' என்று குறித்தேன். மறுநாள் அந்தத் தாள்கள் கட்டோடு போய்விட்டன. எந்த ஊர் வேர்க்கடலையைச் சுமந்தனவோ, தெரியாது.

என் ஆய்வுக்கு விதை அந்தப் பதினாறு பக்கம்தான். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துப் போய், முடிச்சுப் போட்ட கயிற்றை வைத்துக்கொண்டு குப்பத்தில் அளந்தேன். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கயிறு போட்டு இன்னாத்தம்மா அளக்குற?"

"கடல் எவ்ளோ தூரம் உள்ள வந்திருக்குன்னு."

"இதுக்கு இன்னாத்துக்குக் கயிறு? தோ பாரு, அலை ஒடையுது பாரு, அங்கதான் என் கண்ணாலத்துக்குப் பந்தல் போட்டாங்கோ" என்று தண்ணீரைக் காட்டினாள். பழைய அட்டவணையும் அவள் கை காட்டிய இடமும் ஏறக்குறைய ஒத்துப்போயின. அப்போது வந்த தெம்பு பிறகு வாய்மொழித் தேர்வு வரை நிலைத்தது.

வாய்மொழித் தேர்வில் என்ன ஆயிற்று என்றால், தேர்வாளர் கடமை தவறாத ஆள். அடிக்குறிப்புகளை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக நூலகத்துக்கே போய்ச் சரிபார்த்துவிட்டார். "பதினாலாம் தொகுதி, இருநூத்தி ஒம்பதாம் பக்கத்துல நீலகிரி உருளைக்கிழங்கு இருக்கு" என்றார். எழுதியவர் பெயர் ஏன் இல்லை என்றார். எங்கே படித்தாய் என்றார். உள்ளதைச் சொன்னேன். என் வழிகாட்டியைத் தவிர, அறையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

அறிக்கையில் 'போலிச் சான்று' என்று எழுதிவிட்டு, ஒரு மாதம் கெடு கொடுத்தார்கள். அதற்குள் கட்டுரையைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வேட்டைத் தள்ளுபடி செய்வார்கள். பட்டம் கிடையாது.

என் வழிகாட்டிப் பேராசிரியை நல்லவர். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த அத்தியாயத்தையே எடுத்துடு. ஆறு மாசத்துல வேற ஒண்ணு எழுதிக்கலாம். எதுக்கு வம்பு?" என்றார்.

"எடுத்தா நான் பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும் மேடம்."

"பிடிவாதம் பிடிக்காதே."

பிடித்தேன். அன்று மாலையே உட்கார்ந்து, நோட்டில் இருந்த அட்டவணையையும் பத்திகளையும், நினைவில் இருந்ததையும் பக்க எண்களோடு நாலு தாளில் ஆங்கிலத்தில் எழுதினேன். மறுநாள் துறை அலுவலகத்தில் கொடுத்து, ஒவ்வொரு தாளிலும் தேதி முத்திரை குத்தச் சொன்னேன். இதெல்லாம் எதற்கு என்று எழுத்தர் கேட்டார். கட்டுரை கிடைத்த பிறகு அதைப் பார்த்து எழுதினேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நாலு முறை குத்தினார்.

பிறகு, தேர்வாளர் தேடிப் பார்த்த அதே பல்கலைக்கழக நூலகம். உயரமான கூரை, நீளமான கம்பியில் தொங்கும் மின்விசிறி, ஜன்னலைத் திறந்தால் கடற்காற்றில் தாள் பறக்கும் என்பதால் எப்போதும் சாத்தியே இருக்கும் ஜன்னல்கள். புத்தக அடுக்குகளுக்குள் நாம் போக முடியாது. சீட்டு எழுதிக் கொடுத்தால் காக்கிச் சட்டை போட்ட அட்டெண்டர் கீழே போய் எடுத்து வருவார். ஒரு நாளைக்கு மூன்று சீட்டு. தலைப்பும் ஆசிரியரும் ஆண்டும் தெரியாதவளுக்கு நூற்பட்டியல் அட்டைப் பெட்டிகளால் எந்தப் பயனும் இல்லை. எனக்குத் தெரிந்தது இதழின் பெயரும் ஒரு பக்க எண்ணும்தான். இதழ் நாற்பத்துச் சொச்சம் தொகுதிகள் வந்திருந்தது. ஒவ்வொன்றாக வாங்கி 209ஆம் பக்கத்தைத் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதல் நாள் முதல் மூன்று தொகுதிகள் வந்தன. முதல் தொகுதியில் 209ஐத் திறந்தேன். பக்கத்தின் அடியில் 14. இரண்டாம் தொகுதியைத் திறந்தேன். அதிலும் 14. மூன்றாவதிலும் 14. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அது தொகுதி எண்ணே இல்லை. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். பைண்டர் வரிசை மாறாமல் தைப்பதற்காக ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்திலும் போடுகிற எண். பதினாலாவது ஃபாரம் எந்தத் தொகுதியிலும் 209இல்தான் தொடங்கும்.

உலகத்தில் வேறு எந்த மாணவிக்கும் இந்தத் தவறு வந்திருக்காது. எங்கள் கடையில் அச்சகக் கழிவு வந்தால், ஒரே ஃபாரம் நூற்றுக்கணக்கில் பாழாகி வரும். அடியில் ஒரே எண் இருக்கிற தாள்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவோம். பதினாலாம் எண் என்றால் பதினாலாம் கட்டு. சின்ன வயதிலிருந்து அந்த எண்ணைக் கட்டின் பெயராகவே பார்த்த கண், இதழிலும் அதை முழுத் தொகுதியின் எண்ணாகப் பார்த்துவிட்டது. வெட்கத்தில் அழுகை வந்தது. அழுது முடித்ததும், தேர்வாளர் தவறான தொகுதியைத்தான் பார்த்திருக்கிறார், கட்டுரை எங்கேயோ இருக்கிறது என்ற சந்தோஷமும் வந்தது. அடுத்த மூன்று சீட்டுகளை நாளைக்காக அப்போதே எழுதி வைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் போனது. அட்டெண்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"இன்னாம்மா நீ! கீழ போயி, ஏணி போட்டு ஏறி, தும்மிக்கினே எடுத்தாறேன். நீ ஒரே ஒரு பக்கத்தப் பாத்துட்டு மூடிட்ற. படிக்க மாட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன். பழைய பேப்பர் கடை என்றதும் இவரும் சிரிப்பார் என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "பொய்னு சொல்ட்டாங்களா? பேஜாரு புடிச்ச ஆளுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தொகுதியை எடுக்கப் போனார்.

எல்லாத் தொகுதிகளும் முடிந்தன. எதிலும் 209இல் என் குப்பம் இல்லை. ஒரே ஒரு தொகுதிக்கு மட்டும் சீட்டு திரும்பி வந்திருந்தது. அதில் 'பைண்டிங்' என்று எழுதியிருந்தது. நூலகரிடம் போய் எப்போது வரும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எப்போது போனது என்று கேட்டேன். பதிவேட்டைப் புரட்டினார். நாலு வருடம் ஆகியிருந்தது. கெடுவுக்கு இன்னும் ஆறு நாள்.

அன்று ரயில் இறங்கி நேரே கடைக்குப் போனேன். சாக்கு ஒன்று பிரிந்து கிடந்தது. பைண்டிங் கடைக் கழிவு. கையில் எடுத்த ஃபாரத்தின் மடிப்பில் வரிசையாக ஊசித் துளைகள். அச்சகத்திலிருந்து நேராக வரும் தாளில் துளை இருக்காது. ஒருமுறை தைத்து, பிறகு பிரித்த புத்தகத்தில்தான் இருக்கும். என் பதினாறு பக்கத்தின் மடிப்பில் துளை இருந்தது. படிக்கும்போது துளைக்குள் பென்சில் முனையை விட்டுக்கொண்டே படித்தேன், நன்றாக நினைவிருக்கிறது.

வாப்பாவிடம் கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பைண்டிங் கழிவு யாரிடமிருந்து வந்தது?

"அப்போ தாம்பரத்தாளு ஒருத்தன்தான் போட்டுக்கினு இருந்தான். கடைய மூடிட்டுப் பூட்டான். ஏன்?"

"அவர் எங்க வேலை எடுத்துச் செஞ்சாரு?"

"காலேஜு, லைப்ரரின்னு கான்ட்ராக்ட் எடுப்பான்." சொல்லும்போதே வாப்பாவின் முகம் மாறிவிட்டது. "லைப்ரரி சரக்கா அது? புள்ள, இத்தோட வுட்டுடு. கவர்மென்ட்டு பொஸ்தகம் நம்ம கடைக்கு வந்திச்சின்னு வெளிய தெரிஞ்சா போலீஸ்காரன் வந்து நிப்பான். பட்டம் இல்லாங்காட்டி வூட்ல சோறு இல்லாம பூடுமா?"

"என்னைப் பொய்க்காரின்னு சொல்லிட்டாங்க வாப்பா."

"சொன்னா சொல்ட்டுப் போறான்."

"நம்ம கடையச் சொல்லிச் சிரிச்சாங்க."

வாப்பா சாக்கைத் தைக்க உட்கார்ந்தார். நான் விடுவதாக இல்லை.

மறுநாள் அட்டெண்டரிடம் அந்தத் தொகுதியைப் பற்றிக் கேட்டேன். "அது இன்னா பைண்டிங்லயா கீது? எப்பவோ வந்திட்ச்சி. கீழ் ரூம்புல சணல் கட்டிப் போட்டு வெச்சிக்கீறாங்கோ. அது மேலதான் நான் சாப்பாட்டு டப்பாவ வெக்கிறேன்" என்றார்.

நூலகரிடம் போனேன். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு விஷயத்தைச் சொன்னார். பைண்டர் ஒரு ஃபாரத்தைத் தொலைத்துவிட்டு மீதியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். குறையுள்ள தொகுதியைத் தைக்கக் கூடாது, வாசகருக்கும் தரக் கூடாது, கணக்குத் தணிக்கைக்குப் பயந்து தொலைந்ததாகவும் எழுத முடியாது. அதனால் பதிவேட்டில் அது பைண்டிங்கிலேயே இருக்கிறது.

"எனக்குத் தர வேண்டாம் சார். காட்டுங்க."

"விதி இல்லையேம்மா."

மறுபடியும் ஒரு 'ம்மா'. எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. "இந்த நூலகத்துல தேடிட்டு இல்லன்னு சொல்லித்தான் சார் என்னைப் பொய்க்காரி ஆக்கினாங்க. இருக்கிறத மறைச்சு வெச்சிக்கிட்டு இல்லன்னு சொல்றது யாரு? பாக்காம நான் போகமாட்டேன்" என்றேன். படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தலை தூக்கினார்கள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவர் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. அவரும் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அட்டெண்டரைக் கூப்பிட்டு, "எடுத்துட்டு வாய்யா" என்றார்.

சணலை அவிழ்த்தோம். ஃபாரங்கள் வரிசையாக இருந்தன. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. அடுத்தது பதினைந்து. பதினாலு இல்லை. அந்த இடத்தில் பைண்டர் பென்சிலால் 'குறை' என்று எழுதிச் செருகிய ஒரு துண்டுத் தாள் மட்டும் இருந்தது.

பதிமூன்றாம் ஃபாரத்தைத் திருப்பினேன். 203ஆம் பக்கத்தில் கட்டுரைத் தலைப்பு. அதில் என் குப்பத்தின் பெயர். கீழே எழுதியவரின் பெயர், அவர் பார்த்த உத்தியோகம். 208ஆம் பக்கத்தின் கடைசி வரி பாதியில் நின்றது. அதன் மறுபாதி என் நோட்டில் இருந்தது. பதினைந்தாம் ஃபாரத்தின் முதல் பக்கத்தில் கட்டுரை முடிகிறது. '214ஆம் பக்கத்து அட்டவணையில் காட்டியபடி' என்று தொடங்கி, கோயிலுக்கும் கடலுக்கும் உள்ள தூரத்தை அந்த மனிதர் இன்னொரு முறை சொல்லியிருந்தார். முத்திரை குத்திய என் தாளில் இருந்த அதே கஜம்.

எங்கள் கடைச் சாக்கிலிருந்து விழுந்தவை இந்த நூலகத்தின் சொந்தப் பக்கங்கள். அவர்கள் தொலைத்ததை நான் படித்திருக்கிறேன். படித்ததற்காக என்னைப் பொய்க்காரி என்கிறார்கள். அந்த அமைதியான கூடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அட்டெண்டரும் சேர்ந்துகொண்டார். நூலகர் மட்டும் துண்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னென்ன பக்கம் இருக்கிறது, என்னென்ன பக்கம் இல்லை என்று எழுதி, 208இன் கடைசி வரியையும் 225இல் உள்ளதையும் படியெடுத்துச் சேர்த்து, அவர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார். மனிதர் நேர்மையானவர், ஒரு வரி குறைக்கவில்லை. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் அதோடு தேர்வாளர் முன் போய் உட்கார்ந்தேன். அவர் நூலகரின் கடிதத்தையும் என் நாலு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். முத்திரைத் தேதியை இரண்டு முறை பார்த்தார்.

"முதல்லயே தொகுதி எண்ணைச் சரியாப் போட்டிருந்தா யாருக்கும் இவ்வளவு சிரமம் இல்லையேம்மா" என்றார்.

"அது என் தப்பு சார். திருத்திட்டேன். போலிச் சான்றுன்னு எழுதினது உங்க தப்பு. அத நீங்க திருத்துங்க."

வழிகாட்டிப் பேராசிரியை மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். தேர்வாளர் அறிக்கையில் அந்த வரியை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். தேர்ச்சி மதிப்பெண் மட்டும் கொடுத்தார், ஒன்றுகூட அதிகம் இல்லை. எனக்கு அது போதும்.

இது முடிந்து சில வாரத்தில் நூலகர் சொல்லி அனுப்பினார். போனேன். அந்தத் தொகுதியைத் தைத்துவிட மேலிடத்தில் அனுமதி வாங்கியிருக்கிறார். என் நோட்டில் உள்ள அட்டவணையையும் பத்திகளையும் தட்டச்சு செய்து, பதினாலாம் ஃபாரம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துத் தைக்கலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். தட்டச்சுக்காரரை உட்காரவைத்து நான் வாசிக்க வாசிக்க அடித்தோம். கடைசியில், எதிலிருந்து படியெடுத்தது என்று ஒரு வரி போட வேண்டும்.

"தனியார் சேகரிப்பு ஒன்றிலிருந்து என்று போட்டுவிடலாம்" என்றார் நூலகர்.

"சேகரிப்பு எல்லாம் இல்ல சார். செங்கல்பட்டு பழைய பேப்பர் கடைன்னு போடுங்க."

"பல்கலைக்கழகப் பிரதியில எப்படிம்மா அதப் போடறது?"

"அங்கதான சார் இருந்திச்சு? இங்க இல்லையே."

அவர் தட்டச்சுக்காரரைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். உன் அப்பாவுக்கு இதனால் தொந்தரவு வரலாம், கேட்டுக்கொண்டு வா என்றார். அவர் சொன்னது நியாயம். ஊருக்கு வந்து வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேர்வாளர் அறிக்கையை அடித்துத் திருத்தியதையும் சொன்னேன். அவர் சாக்கின் வாயை முறுக்கிக் கட்டி முடித்தார்.

"எட போட்டு, டப்பு குடுத்து வாங்கினது. திருடிக்கினு வந்ததா இன்னா? போடச் சொல்லு" என்றார்.

மறுநாள் நான் பக்கத்தில் நிற்க, தட்டச்சுக்காரர் அந்த வரியை அடித்தார். நூலகர் அதன் கீழே கையெழுத்துப் போட்டு நூலக முத்திரையைக் குத்தினார். 208க்கும் 225க்கும் நடுவில் வைத்து அதைத் தைத்தார்கள்.